திருத்தர் வண்டி எடுத்தார்

கார் வாங்கிய கதையை ஆண்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் எஞ்சின் வரும், மைலேஜ் வரும், கதை சொல்பவரிடம் பேரம் பேசித் தோற்றுப்போன விற்பனையாளர் வருவார். வராதவள் ஒருத்தி உண்டு. ஷோரூம் சோபாவின் ஓரத்தில், கையில் குளிர்பானத்தோடு உட்காரவைக்கப்பட்டவள். "மேடம், நீங்க கலர் பாருங்க" என்று ஒரு வண்ண அட்டையைக் கொடுத்து வாயடைக்கப்பட்டவள். இந்தக் கதை அவளுடைய கணவரைப் பற்றியதுதான். ஆனால் அவளும் இதில் வருவாள்.

கணவர் ஒரு பதிப்பகத்தில் பிழைதிருத்துபவர். அலுவலகத்தில் அவருக்குத் 'திருத்தர்' என்று பட்டம். ஊரையெல்லாம் திருத்துவார், தான் மட்டும் திருந்தமாட்டார் என்பது பட்டத்தின் உரை. திருமண அழைப்பிதழ் வந்தால் மணமக்கள் யாரென்று பார்க்கும் முன் சந்திப் பிழை எத்தனை என்று பார்ப்பார். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டால், தண்ணீர் என்று சொல்லும்வரை தாகத்தோடு இருப்பார்.

மனைவி பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களையும் இடுப்பு உடைந்தவர்களையும் வீடு தேடிப் போய் நடக்கவைப்பவள். அவள் தூக்கிச் செல்லும் பையில் ஒரு மின்சிகிச்சைப் பெட்டி, இரண்டு மணல் பொதிகள், ரப்பர் பட்டைகள். அந்தப் பையோடு அவளால் ஆற்றுப்பாலம் வரைக்கும்தான் போக முடிந்தது. பாலத்துக்கு அப்பால் இருந்து அழைத்தவர்களிடமெல்லாம் "மன்னிச்சுக்கோங்க, அவ்வளவு தூரம் வர முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள், அப்படிச் சொல்லி வைத்த கைப்பேசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சமையலறையிலிருந்து வந்தாள்.

"என்னங்க, நாம ஒரு கார் வாங்கணும்."

திருத்தரின் கையிலிருந்த சிவப்புப் பேனா நின்றது. அவருக்கு ஒரு ரகசியம் இருந்தது. இருபத்தொரு வயதில் ஓட்டுநர் உரிமம் வாங்கியவர் அவர். அன்றைக்குப் பிறகு எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொட்டதில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து, "நான் ஓட்டாத வண்டியா?" என்று சொல்லியே பதினேழு ஆண்டுகளை ஓட்டியிருந்தார். அவர் ஓட்டியது அது ஒன்றைத்தான்.

"வாங்கிடலாமே" என்றார் பெருந்தன்மையாக. "ஆனா அவசரப்படக் கூடாது. நல்லாப் பார்த்து, குறை எதுவும் இல்லாததா வாங்கணும்."

அதுதான் திட்டம். குறை இல்லாத வண்டி உலகத்தில் இல்லை. குறை கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகரும் இல்லை. கடை கடையாக ஏறி இறங்கி, வண்டிக்கொரு குறை சொல்லி, அவள் அலுத்துப்போகும்வரை இழுத்துவிடலாம்.

முதல் ஷோரூம் அவருக்கு வரமாகவே அமைந்தது. விற்பனையாளர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கேள்வி கேட்டாள். பதில் அவருக்கு வந்தது.

"பின்னாடி டிக்கியில என் பை நிக்குமா?" என்று அவள் கேட்டாள்.

"சார், மேடமோட ஹேண்ட்பேக் வைக்க முன்னாடியே இடம் இருக்கு சார்!"

"ஹேண்ட்பேக் இல்ல தம்பி. பதினாலு கிலோ."

"சார், மேடம் நல்லா ஜோக் அடிக்கிறாங்க சார்."

காட்டிய வண்டி ஒன்று, ஓட்டிப் பார்க்க என்று கொண்டுவந்து நிறுத்தியது வேறொன்று. வேண்டாம் என்ற சீட் உறையும் வேண்டாம் என்ற வாசனைப் புட்டியும் எப்படியோ விலைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தன. ஏன் என்று கேட்டால் மேனேஜரைக் கேட்க வேண்டும். மேனேஜரைக் கேட்டால் அவர் சாப்பிடப் போயிருந்தார். நாள் முழுக்கச் சாப்பிடுகிற மேனேஜர்.

வெளியே வந்ததும் திருத்தர் கொதித்தார். உள்ளுக்குள் குளிர்ந்தார். "பார்த்தியா? இவனுங்ககிட்ட மனுஷன் வாங்குவானா? ஆறு மாசம் போகட்டும்."

"வேற கடை இருக்குங்க."

"எல்லாக் கடையும் இப்படித்தான்ம்மா."

"அப்படியா? போய்ப் பார்த்துட்டுச் சொல்லுங்களேன்."

இரண்டாவது ஷோரூம் அவர் தலையில் இடியை இறக்கியது. அது நல்ல கடையாக இருந்தது.

நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் எழுந்து வந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இருவருக்கும் சேர்த்து ஒரு வணக்கம் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, "என்ன வேலைக்கு வண்டி வேணும்?" என்று கேட்டார். பையைப் பற்றிச் சொன்னதும், "கொண்டு வந்திருக்கீங்களா? வச்சே பார்த்துடுவோம்" என்றார். வைத்துப் பார்த்தார்கள். பை நின்றது, பக்கத்தில் இன்னொரு பைக்கும் இடமிருந்தது. வேண்டாததை அந்த அம்மையார் தாமே வேண்டாம் என்றார். "இந்த மாடல்ல பின்சீட் ஜன்னல் கொஞ்சம் சின்னது. முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

குறையையும் கடைக்காரரே சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு என்ன வேலை? திருத்தர் பானட்டைத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார். டயரைத் தட்டினார், டயர் ஒன்றும் சொல்லவில்லை.

"ஓட்டிப் பார்க்கறீங்களா சார்?"

"வேண்டியதில்ல. வண்டியோட குணம் எனக்குப் பார்த்தாலே தெரியும்."

"மேடம், நீங்க?"

"அவர் இருக்கும்போது நான் எதுக்குங்க?" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. அந்த அடக்கத்தைக் கண்டு திருத்தர் மகிழ்ந்தார். சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பதினேழு ஆண்டுகளில் அவள் தரையைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் சுவரில் அவருடைய விடுதலை தெரிந்தது. 'வாடிக்கையாளர் வரவேற்ப்பு' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை.

"வரவேற்பில் ஒரு ப் அதிகம்!" என்று கூவினார். கூவியதில் அவரை அறியாமல் ஆனந்தம் கலந்திருந்தது. "ற் வந்தாச்சுன்னா அதுக்குப் பின்னால ப் எதுக்கு? ஒரு மெய்யெழுத்துல கவனம் இல்லாத இடத்துல எஞ்சின்ல என்ன கவனம் இருக்கும்? வா, கிளம்பலாம்."

விற்பனையம்மா பலகையைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அட, ஆமா சார். மூணு வருஷமா மாட்டியிருக்கு, ஒருத்தர்கூடச் சொல்லலை." நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். நகத்தால் நெம்பி, ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ப்-ஐப் பிய்த்தெடுத்து, இறங்கி வந்து திருத்தரின் உள்ளங்கையில் வைத்தார்.

"இப்ப சரியா சார்?"

சரியாக இருந்தது. இடைவெளி சற்றுக் கூடியிருந்ததே தவிர, இலக்கணம் பிழையற்றிருந்தது. கையில் ஒரு ப்-உடன் திருத்தர் நின்றார். இரண்டு பெண்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்ட ஆண்களுக்கு வருகிற கோபம் அது. உரத்த குரலும் தர்ம நியாயமும் அதற்கு உண்டு.

"இங்க பாரு. இந்த வீட்டுல வண்டி எடுக்கிறது நான். என்னைக்கு எடுக்கணும், எதை எடுக்கணும், எல்லாம் என் பொறுப்பு. நீ இதுல தலையிடக் கூடாது."

"சரிங்க" என்றாள் அவள்.

இவ்வளவு சுலபமாகச் சரி வந்து அவருக்குப் பழக்கமில்லை. "என்ன சரி?"

"வண்டி எடுக்கிறது நீங்கதான். நான் தலையிட மாட்டேன். ஆனா உங்களால எடுக்க முடியலைன்னா நான் எடுப்பேன். அப்ப நீங்க தலையிடக் கூடாது. இந்த அம்மா சாட்சி."

"என்னால எடுக்க முடியாதா? என்னாலயா?"

"முடியும்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா நீங்க யோசிக்கிறதைப் பார்த்தா…"

"யோசிக்கிறேனா? யார் யோசிக்கிறது? அம்மா, இந்த வண்டியையே போடுங்க. இப்பவே எடுக்கிறேன்!"

ரோஷம் ஆண்பிள்ளைக்கு அழகு என்று யாரோ ஒரு ஆண்பிள்ளை சொல்லிவைத்திருக்கிறார். விற்பனையம்மா வாயைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டார், தும்மலாகவும் இருக்கலாம்.

வண்டி கைக்கு வருகிற நாளும் வந்தது. திருத்தர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஷோரூம் வாசல் சரிவில் கார் பளபளவென்று நின்றது. சாவியை வாங்கி, படம் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார்.

"அதெப்படி சார்?" என்றார் விற்பனையம்மா. "முதல் தடவை சொந்தக்காரங்கதானே எடுக்கணும். எடுங்க சார்."

"ஆமாங்க, எடுங்க" என்றாள் மனைவி.

திருத்தர் ஏறினார். சாவியைத் திருகினார். வண்டி உறுமியது. அவரும் உறுமினார். இண்டிகேட்டர் என்று நினைத்துத் தட்டியதில் வைப்பர் ஆடியது; வானத்தில் ஒரு மேகமும் இல்லை. கிளட்சை விட்டார், வண்டி ஒரு குதி குதித்துச் செத்தது. மறுபடி திருகினார், மறுபடி குதி, மறுபடி சாவு. அடுத்த முறை வண்டி முன்னால் போகாமல் சரிவில் பின்னால் நகர, காவலாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிரேக் எங்கே என்பது அந்தக் கணத்தில் கடவுளுக்கும் அவருடைய வலது காலுக்கும் மட்டும் தெரிந்தது. நல்லவேளை, கால் முந்திக்கொண்டது.

வண்டி நின்றது. திருத்தர் இறங்கினார். நெற்றியைத் துடைத்தார். "வண்டியில ஏதோ கோளாறு."

"அப்ப உங்களால எடுக்க முடியலை" என்றாள் அவள்.

"எடுத்தாச்சே! போன வாரமே எடுத்தாச்சு! எடுக்கிறதுன்னா வாங்குறது!"

"வாங்குறதை 'வாங்குறது'ன்னு சொல்லியிருக்கணும். இதோ இவங்க இப்ப 'எடுங்க சார்'னு சொன்னாங்க. எதுக்குச் சொன்னாங்க? இன்னொண்ணு வாங்கச் சொன்னாங்களா? ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா, எந்த அர்த்தம்னு தெளிவா எழுதாதது யார் குத்தம்னு நீங்கதானே எல்லாருக்கும் பாடம் எடுப்பீங்க?"

பதினேழு ஆண்டுகளாக அவர் தீட்டிய கத்தி. பிடித்த கை மட்டும் மாறியிருந்தது.

"அதுக்காக? நீ எடுத்துடுவியா?"

"தலையிடக் கூடாதுன்னு பேச்சு."

அவள் பையைப் பின்னால் வைத்தாள். இருக்கையை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடிகளைச் சரிசெய்தாள், பெல்ட்டை மாட்டினாள். திருத்தர் அவசரமாக மறுபக்கம் ஏறிக் கண்களை மூடிக்கொண்டார். குதிக்காகக் காத்திருந்தார். குதி வரவில்லை. கண்ணைத் திறந்தபோது ஷோரூம் பின்னால் போய்க்கொண்டிருந்தது, விற்பனையம்மா கையசைத்துக்கொண்டிருந்தார், வண்டி வெண்ணெயில் போகிற மாதிரி போனது.

"எங்க கத்துக்கிட்ட?"

"டிரைவிங் ஸ்கூல் அக்காகிட்ட."

"அந்த அக்காவுக்குத் தோள்பட்டை இறுகிப்போச்சு, வைத்தியம் பண்ணப் போறேன்னுதானே சொன்ன?"

"வைத்தியம் பண்ணவும் போறேன்னு சொன்னேன். ஒரு 'உம்' இருந்துச்சு. நீங்க திருத்திக்கிட்டே இருந்தீங்க, கவனிக்கலை. நான் பண்ணின வைத்தியத்துக்கு அவங்க வண்டி கத்துக்கொடுத்தாங்க. போன மாசம் லைசன்ஸ் வந்துச்சு. மேசை மேலதான் வச்சிருந்தேன். அதுல எழுத்துப் பிழை எதுவும் இல்லை போல, நீங்க எடுத்துப் பார்க்கவே இல்லை."

வண்டி வீட்டுக்குப் போகும் திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் போனது. பாலத்தில் ஏறியது. கீழே ஆறு அகலமாகக் கிடந்தது. எதிரே பெரிய லாரி வந்தபோது அவர் இருக்கையைப் பற்றிக்கொண்டார். அவளோ ஒரு விரல்கூட இறுகாமல் ஒதுங்கி வழிவிட்டாள். அவள் கைகளை அவர் பார்த்தார். பிறருடைய மரத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டப் பழகிய கைகள். அவற்றில் திருத்த ஒன்றுமில்லை. அவருக்கு அது வியப்பாக இருந்தது. சிறிது நேரம் கழித்து, சொல்ல வெட்கமான ஒரு பெருமையாகவும் இருந்தது.

"நல்லாத்தான் ஓட்டுற" என்றார்.

"அதுல எதுக்கு அந்த 'தான்'?"

அவர் யோசித்தார். "நல்லா ஓட்டுற."

பிறகு அவளுக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். பாலத்துக்கு அப்பால் அவள் முதலில் ஒரு வீட்டுக்குப் போனாள், பிறகு ஒரு தெருவுக்கு, இப்போது அங்கேயே வாடகைக்கு இடம் பிடித்துச் சிகிச்சை அறை வைத்திருக்கிறாள். உதவிக்கு இரண்டு பெண்கள். கட்டிலோடு கிடந்த ஒருவர் கைத்தடியோடு தன் வாசல்வரை நடக்கிறார். அவள் வண்டிச் சத்தம் கேட்டால் கைத்தடியை ஒளித்துவைத்துவிட்டு நிற்கப் பார்த்துத் திட்டு வாங்குகிறார். திருத்தரும் இப்போது அதே அக்காவிடம் வண்டி கற்றுக்கொள்கிறார். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கிவிட்டது. ஒருநாள் காலை, அவள் கிளம்பும் நேரத்தில், வேட்டியை மடித்துக்கொண்டு முழங்காலை அவளிடம் நீட்டினார். அவள் குனிந்து பார்த்தாள், ஒரு விரலால் அழுத்தினாள், சாவியை எடுத்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை நாலு மணிக்குச் சிகிச்சை அறைக்கு வாங்க. அதுக்கு முன்னாடி இடமில்லை."