முப்பத்தெட்டு நெஞ்சுக்காரன்

காணாமல்போன மூக்குக்கண்ணாடியைத் தேடிப் பீரோவில் போர்வைகளுக்கு அடியில் கைவிட்ட தையல்கார மாஸ்டரிடம் ஒரு சட்டை அகப்பட்டது. கண்ணாடி அங்கே எப்படிப் போகும் என்று கேட்கக் கூடாது. மாஸ்டர் அதைச் சர்க்கரை டப்பாவில்கூடத் தேடுகிறவர்.

புத்தம் புதுச் சட்டை. பட்டன் மட்டும் பாக்கி. தையல் சந்தேகமில்லாமல் மனைவியுடையது. கடையில் அவர் வெட்டுவார், அவள் தைப்பாள்.

விரித்துப் பிடித்தார். நெஞ்சு முப்பத்தெட்டு. ஆள் தெருமுனையில் வரும்போதே அளவு சொல்லிவிடுகிற கண் அது, கண்ணாடி இல்லாவிட்டாலும் தப்பாது. மாஸ்டருக்கோ நாற்பத்திரண்டு. கல்யாணத்துக்குத் தைத்த சட்டை இன்றைக்கும் பிசகாமல் பொருந்துகிறது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மார்தட்டுவார். தன்னை அளக்க அவருக்கு டேப்பே தேவைப்பட்டதில்லை.

அப்படியானால் இது யாருக்கு? வாடிக்கைக்காரர் சட்டை என்றால் கடையில் தொங்கவேண்டியதுதானே? போர்வைக்கு அடியில் அதற்கு என்ன வேலை?

உள்பக்கத்தைத் திருப்பியதும் வயிறு பற்றி எரிந்தது. தையல் ஓரமெல்லாம் உடம்பில் உரசாதபடி மெல்லிய துணி வைத்து மடித்திருந்தாள். தனக்கு ஒரு கைக்குட்டைகூட அவள் இத்தனை ஆசையாக மடித்துக் கொடுத்ததில்லை. போதாததற்கு, நெஞ்சோரத்தில் மூக்குக்கண்ணாடி வைக்க ஒரு ரகசியப் பாக்கெட்!

“இது யாருடையது?” என்று நேராகக் கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். மாஸ்டர் சுற்றி வளைத்தார்.

“ஏம்மா, தனியா ஏதும் ஆர்டர் எடுத்திருக்கியா?”

“ம்… ஒண்ணு இருக்கு.” அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாருக்கு?”

“வேண்டப்பட்டவருக்கு.”

“கூலி பேசிட்டியா?”

“அவர்கிட்ட யாராவது கூலி கேப்பாங்களா!” என்று சிரித்தாள்.

அந்த ‘அவர்’ மாஸ்டரின் காதில் ஊசியாக இறங்கியது. இத்தனை வருஷம் கூடவே குப்பை கொட்டிவிட்டு, பல் ஆடுகிற வயதில் வேறொருத்தன் அவளுக்கு ‘அவர்’ ஆகிவிட்டானா? அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

துப்புத் துலக்க ஆரம்பித்தார். ஆள் குள்ளம். கண்ணாடி போடுகிறவன். சட்டையின் வலது தோள் அரை அங்குலம் இறக்கி வெட்டப்பட்டிருந்தது. ஆயுள் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து வேலை செய்த உடம்பு. மாஸ்டருக்குப் பளிச்சென்று விளங்கியது. மாடி வீட்டு ரிட்டயர்டு தபால்காரர்! பை சுமந்த தோள்! மாடிப்படியில் தினமும் அவளிடம் “சௌக்கியமா?” என்று வேறு கேட்கிறார்.

டேப்போடு மாடி ஏறினார்.

“சார், உங்களுக்கு ஒரு சட்டை தைச்சுத் தரணும்னு ரொம்ப நாள் ஆசை. காசெல்லாம் வேண்டாம்.”

தபால்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். “மாஸ்டர், என் சொந்த மச்சான்கூட எனக்கு ஒரு பனியன் வாங்கித் தந்ததில்லை!” என்று இரண்டு கையையும் தூக்கினார்.

நெஞ்சு நாற்பது. இறங்கியிருந்ததோ இடது தோள். இவர் இல்லை.

அதில் நிம்மதி வரவில்லை. முகம் தெரிந்த எதிரி போய் முகம் தெரியாத எதிரி வந்துவிட்டான். மறுநாள் மருந்துக்கடைக்காரரை அளந்தார். பிறகு கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரை. எல்லோரிடமும் அதே இலவசப் பேச்சு. விளைவு, அடுத்த நாள் காலையில் கடை வாசலில் ஆளுக்கொரு துணியோடு ஒரு கூட்டம்.

“ஏங்க, ஊருக்கே ஓசியில தைக்கிறதா சொன்னீங்களாமே! உங்களுக்கு என்ன ஆச்சு?” என்றாள் மனைவி.

“ஏன், நீ தைக்கலாம், நான் தைக்கக் கூடாதா?”

அவள் ஒன்றும் புரியாமல் பார்த்துவிட்டுப் பையை எடுத்தாள். “பட்டன் வாங்கிட்டு வரேன்.”

பட்டன்! அப்படியானால் இன்றைக்கே சட்டை கை மாறப்போகிறது. மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் ஓடிச் சட்டையை எடுத்துவந்து கூட்டத்தின் நடுவில் உதறினார்.

“எல்லாரும் போட்டுப் பாருங்க! யாருக்குச் சேருதோ அவருக்குத்தான் முதல் சட்டை!”

மூலையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். “மாஸ்டர், அது வந்து…”

“நீ வாயைத் திறக்காதே! என்னைக் கேக்காம நூல் அலமாரியை உயர்த்தி மாட்டினவதானே நீ? போன வருஷம் எட்டினது இப்ப எட்ட மாட்டேங்குது!”

“நான் மாட்டலையே, மாஸ்டர்…”

“உஷ்!”

மருந்துக்கடைக்காரரின் தொப்பை சட்டைக்குள் அடங்கவில்லை. கடிகாரக்காரருக்குக் கை முழங்கையோடு நின்றது. தபால்காரருக்குத் தோள் கோணிக்கொண்டது. கடைசி ஆள்வரை ஒருவருக்கும் சேரவில்லை.

தபால்காரர் சட்டையைக் கழற்றி நீட்டினார். “மாஸ்டர், நீங்க போட்டுப் பாத்தீங்களா?”

“நானா? தையல் விட்டுப்போகும் சார்! நான் நாற்பத்திரண்டு!”

“சும்மா போடுங்க மாஸ்டர்!” என்றது கூட்டம்.

அந்த முகம் தெரியாதவனின் சட்டையைத் தன் நெஞ்சாலேயே கிழித்துவிடலாம் என்ற சந்தோஷத்தில் மாஸ்டர் தன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அதை மாட்டினார். பட்டன் இல்லாத முன்பக்கத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து நெஞ்சை விரித்தார். ஒரு நூல்கூட விடவில்லை. கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துச் சரிந்த அவருடைய வலது தோளில் சட்டையின் வலது தோள் சுருக்கமில்லாமல் வந்து உட்கார்ந்தது.

மாஸ்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“இது எனக்குச் சேருதுன்னா…” என்று கழற்றிப்போட்ட சட்டையைப் பார்த்தார். “அப்ப என் பழைய சட்டையெல்லாம் எப்படிச் சேருது?”

காஜா எடுக்கிற பெண் ஊசியைக் கீழே வைத்தாள்.

“நீங்க மத்தியானம் தூங்கும்போதெல்லாம் அக்கா ஓரத்தைப் பிடிச்சுப் பிடிச்சுச் சின்னதாக்கித் தைச்சு வைக்கிறாங்க, மாஸ்டர். இனிமே பிடிச்சா பாக்கெட் கக்கத்துக்குப் போயிடும்னுதான் இதைப் புதுசா வெட்டினாங்க.”