வால்டருக்கு முட்டி வலி

ஜெபமாலையின் கடைசி மணியோடு எழுந்துவிடலாம் என்று வால்டர் நினைத்தது தப்பாய்ப் போயிற்று. அம்மா மர்சலின் மாலையைக் கீழே வைக்கவில்லை.

"பர்மாவுல சண்டை போடற பிள்ளைங்களுக்காக ஒரு பரலோக மந்திரம்..."

சாந்தோம் வீட்டுச் சிமெண்டுத் தரை முட்டியைத் தின்றது. பர்மாப் பட்டாளத்தை அடுத்து, பாவம் தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்கள் வந்தார்கள். பிறகு, ரேஷன் அரிசியில் கல் குறைய ஒரு மந்திரம். எஸ்.எஸ்.எல்.சி.யில் வால்டர் கோட்டை விட்ட வாரத்திலிருந்துதான் அம்மாவின் பக்தி இப்படி நீண்டுகொண்டே போயிற்று.

பக்கத்தில் வில்லியம் மாமா, அம்மாவின் தம்பி, சைதாப்பேட்டையில் சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவர். வால்டர் மறுபடியும் தோற்றால் அவரிடம் வேலைக்குச் சேர வேண்டும் என்பது அப்பா மரியதாஸின் தீர்ப்பு. மாமா தினமும் சைக்கிள் மிதித்து வந்து ஜெபத்தில் கலந்துகொண்டார். மனுஷன் எதற்காக வேண்டிக்கொள்கிறாரோ?

"இன்னா மாப்ளே, ரம்பம் புடிச்சுப் பழக்கம் கீதா?" என்று கிசுகிசுத்தார் மாமா.

வால்டரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அப்பா, நான் படிக்கணும்."

"ஜெபத்துலேருந்து எழுந்திருக்க அந்த ஒரு சாக்குதான் செல்லும். போ. ஆனா சத்தமாப் படி. சத்தம் நின்னா திரும்பி வந்து முட்டி போடணும்."

உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டான். மனத்தைக் கால்பந்து மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, வாயை மட்டும் சரித்திரப் புத்தகத்து அக்பரிடம் விட்டான். மறுநாளும் அதே பக்கம்.

"டேய், அக்பர் நேத்தே செத்துட்டார். மேலே போ" என்று வெளியிலிருந்து அப்பா குரல் வந்தது.

அடுத்த நாள் சரித்திரப் புத்தகத்துக்குள் வாரப் பத்திரிகையைச் செருகிக்கொண்டான். "கதவு படாரென்று திறந்தது. கையில் துப்பாக்கியுடன் அந்த முகமூடி மனிதன்..."

"அது எந்த மொகலாயன்டா?"

வால்டர் அவசரமாக ஔரங்கசீப்பிடம் ஓடினான்.

கணக்கு என்றால் வாய் பேச வேண்டாமே என்று அதை எடுத்தான். "அதையும் வாய்விட்டுப் போடு" என்று உத்தரவாயிற்று. வாய்விட்டுப் போட்டதில் அவனுடைய தப்பெல்லாம் கூடம்வரை கேட்டது. ஒவ்வொரு தப்புக்கும் அப்பா கதவைத் தட்டினார்.

மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினாலும் போதும். கூடத்திலிருந்து மூன்று குரல்களும் ஒன்றாக, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று எழும்பும். வால்டர் பதறி அடுத்த பாராவுக்குத் தாவுவான்.

கடைசி ஆயுதமாக, ஒரு சாயங்காலம் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். "தொண்டை கட்டிப்போச்சும்மா. படிக்க முடியாது."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "தொண்டைக்குன்னே அர்ச்சியசிஷ்ட பிளாசியார் இருக்காரே. முட்டி போடு."

புனிதர் பிளாசியார் தனியாக வரவில்லை. அந்தோணியாரையும் சூசையப்பரையும் கூட்டிக்கொண்டு வந்தார். செபஸ்தியார் வாசலில் தலை காட்டியபோது வால்டருக்குக் குரல் திரும்பிவிட்டது.

"புதுமைதான்" என்றார் மாமா, சிலுவை போட்டுக்கொண்டே.

அதன்பின் முதல் மந்திரத்திலேயே வால்டர் உள்ளே நழுவினான். ஞாயிற்றுக்கிழமைகூடத் தப்பவில்லை. புத்தகத்தை மூடினால் வெளியே மோட்சமே வரிசை கட்டி நிற்குமே. ஒரு நாள், அம்மா மாலையைக் கையில் எடுப்பதற்கு முன்பே தான் மேஜையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அவனுக்கே திடுக்கென்றது. அதைவிட விபரீதம், அல்ஜீப்ரா பிடித்துப்போயிற்று.

பரீட்சை ஹாலில் மேற்பார்வையாளர் அவனருகே வந்து நின்றார். "உதடு ஏன் அசையுது?"

"படிச்சது அப்படித்தான் சார் வெளியே வருது."

அவர் குனிந்து தாளைப் பார்த்தார். வாயிலிருந்து வந்ததெல்லாம் பேனாவுக்குள் இறங்குவதைக் கண்டு நகர்ந்துவிட்டார்.

முடிவு வந்த அன்று பேப்பரில் அவன் நம்பர் இருந்தது. கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதல் என்று ஹெட்மாஸ்டர் ஆள் அனுப்பிச் சொன்னார். யாரையும் கட்டிப்பிடித்து அறியாத அப்பா, வால்டரைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயசம் பரிமாறினாள். அக்கம்பக்கத்தார் வாசலில் கூடி, அவரவர் பிள்ளைகளை இழுத்து வந்து வால்டரைக் காட்டினார்கள்.

வால்டர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "தினம் ஒரே நேரத்துல உக்காரணும். அதான் ரகசியம். எனக்கு யாரும் சொல்லித்தரலை. நானாப் பழக்கிக்கிட்டேன்." பிறகு மாமா பக்கம் திரும்பினான். "ரம்பத்துக்கு வேற ஆள் பாருங்க மாமா. நான் காலேஜுக்குப் போறேன்."

மாமாவின் முகம் தொங்கிப்போயிருந்தது. பாயசத்தைக்கூடத் தொடவில்லை. ஆள் கிடைக்காத வருத்தம் என்று வால்டர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

கூட்டம் கலைந்ததும் மாமா அம்மாவிடம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"புள்ள பாஸாய்ட்டான், சந்தோசம். ஆனா இனிமே எந்த அர்ச்சியசிஷ்டரக் கூப்ட்டு இவன உள்ள தொரத்திட்டு நாம சீட்டு ஆடறது, அக்கா?"