பேத்தியின் ஊசியும் டாக்டர்கள் சங்கமும்

ஆம்பூர்,
ஆகஸ்ட் 1984

மரியாதைக்குரிய சம்பந்தி சாந்தகுமார் அவர்களுக்கு ஜெபராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். என்னைத் தவிர மற்றவர்கள் நலமே. குடியாத்தத்தில் தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகம்தானே?

உங்கள் மகனை நான் குறை சொல்லவில்லை. தங்கமான மாப்பிள்ளை. ஆனால் அவரை எங்கள் ஊர் டாக்டர்கள் சங்கத்துக்குக் காரியதரிசியாகப் போட்டார்களே, அன்றோடு, தோல் கம்பெனியில் ரிடையராகி மகள் வீட்டில் கிடக்கும் எனக்கு நிம்மதி போயிற்று. நோய் வராமல் தடுப்பது பற்றிச் சங்கம் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட வேண்டுமாம். தட்டம்மைக்கு ஊசி வந்திருக்கிறதே, அதை எந்த வயதில் போடுவது என்று ஜனங்களுக்குச் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டுப் போவதுதானே? இல்லை, அதற்கு ஓர் உபகுழு. அது கூடுவது நம் வீட்டுக் கூடத்தில். டாக்டர் இன்பசேகரன் ஒன்பது மாதம் என்கிறார். தாமதித்தால் நோய் முந்திக்கொள்ளுமாம். டாக்டர் ரஷீத் அஹமது பன்னிரண்டு மாதம் என்கிறார். அதற்குமுன் போட்டால் தாயிடமிருந்து வந்த சக்தி குழந்தையின் இரத்தத்தில் நின்று ஊசியை வேலை செய்ய விடாதாம். இரண்டுமே சரியாகத்தான் படுகிறது, அதுதான் என் வயிற்றெரிச்சல். ஆளுக்கொரு கட்டுச் சீமைப் புத்தகம் கொண்டுவந்து மேஜையில் போட்டு அடுத்தவரைப் படிக்கச் சொல்கிறார்கள். கடைசியில், 'ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்குள், அல்லது அதற்குச் சற்று முன்போ பின்போ' என்று ஒரு வாக்கியம் தயாராயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிய கை ஓய்வதற்குள், 'போட வேண்டும்' என்பதா, 'போடலாம்' என்பதா என்று சண்டை. உங்கள் மருமகள் கிருபா இவர்களுக்குப் போண்டா சுட்டே இளைத்துவிட்டாள்.

சங்கம் எக்கேடாவது கெட்டுப் போகட்டும். நம் பேத்தி கிரேஸிக்குப் பத்து மாதம் முடியப் போகிறது. பின்தெருவில் தட்டம்மை வந்துவிட்டது. மருந்தோ வீட்டு ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் இருக்கிறது. போட்டுவிடுங்களேன் என்றேன்.

"மாமா, நான் காரியதரிசி, நடுவுல நிக்கணும். எங்கொழந்தைக்கு இப்பப் போட்டா ஒம்பது மாசக் கட்சின்னுடுவாங்க."

"அப்ப பன்னெண்டுல போடுங்க."

"அந்தக் கட்சின்னுடுவாங்க."

"அம்மை எந்தக் கட்சி மாப்ளே?"

"பேஜார் பண்ணாதீங்க மாமா, தீர்மானம் வந்துடும்" என்று ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கிளினிக்குக்குப் பிள்ளையோடு வருகிறவர்களுக்கும் இதே பதில்தான். எனக்குத் தூக்கம் இல்லை. குழந்தை தும்மினால் போதும், ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது சம்பந்தி.

ஆகவே இக்கடிதம் கண்டதும் அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வாருங்கள். மாமனார் சொன்னால் காற்றோடு போகிறது. தகப்பனார் அதட்டினால் நடக்கும். சம்பந்தியம்மாளின் முழங்கால் வலிக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். உங்கள் வீட்டார் எல்லோரையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஜெபராஜ்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் கிருபா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அப்பா, போன மாசம் நாங்க குடியாத்தம் போனமே, அங்க ஆஸ்பத்திரியிலயே போட்டாச்சு. இங்க போட்டா கம்பவுண்டர் சொல்லிடுவாரு, உங்களாண்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும்" என்கிறாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டவரே நீங்கள்தானாமே! எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா? இதையும் கேளுங்கள்: அதே இடத்தில் டாக்டர் ரஷீத் அஹமது தம் ஒன்பது மாதப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவரும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லையாம்.

நானும் சிரித்தேன். அப்புறம்தான் எதிர்வீட்டு அமிர்தவள்ளி நினைவுக்கு வந்தாள். அவள் பையனுக்கும் கிரேஸி வயதுதான். "டாக்டரு சொந்தக் கொழந்தைக்கே இன்னும் போடல, நமக்கு இன்னா அவசரம்" என்று நம்பிக் காத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நீங்கள் வர வேண்டாம். இக்கடிதத்தையும் நான் தபாலில் போடவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவளையும் பையனையும் கூட்டிக்கொண்டு நானே கொண்டுவருகிறேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் வாசலில் அழுவது அந்தப் பிள்ளைதான். வந்து கையைப் பிடியுங்கள்.