மானைக் கண்டால் நிற்கும் வண்டி

ஒரு காட்டில் ராஜாவாக இருந்த சிங்கம் புது வண்டி வாங்கியது. அந்த வண்டி மானைக் கண்டால் நின்றுவிட்டது.

கோளாறு அவ்வளவுதான். எப்படி வந்தது என்பதுதான் கதை.

ராஜாவின் பெயர் கண்டீரவம். சாப்பாட்டுக்கு அவருக்கு ஒரு நாளும் குறை வந்ததில்லை. வேளை தவறாமல் இரை முன்னால் வந்து விழும். அது எப்படி வருகிறது என்று அவர் யோசித்ததில்லை. ராஜாவாக இருப்பதே அதற்குத்தானே.

ஒரு நாள் பக்கத்துக் காட்டுப் புலி எல்லை வரை வந்தது. நடந்து வரவில்லை. யானைக்குட்டி உயரத்துக்கு ஒரு வண்டியில் வந்தது. கண்ணாடியை இறக்கி, "என்ன கண்டீரவம், இன்னும் நடராஜா சர்வீஸ்தானா? மூட்டு வலிக்கலையா?" என்று கேட்டது. பதிலுக்குக் காத்திராமல் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டது.

அன்றைக்கு ராஜா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வண்டிக் கம்பெனி ஆள் குகை வாசலில் நின்றது. ஆள் என்றால் கொக்கு. தவசிலிங்கம் என்று பெயர். வெள்ளைச் சட்டை பிறவியிலேயே உண்டு. கழுத்தில் டை மட்டும் கம்பெனி கொடுத்தது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலால் டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிக் காட்டியது.

"நின்ன இடத்துலேருந்து நூறு கிலோமீட்டர் வேகம். நாலே விநாடி சார்."

"மானைப் பிடிக்குமா?"

"மானெல்லாம் ஒரு கணக்கா சார்?"

ராஜா அங்கேயே வாங்குவதென்று முடிவுசெய்துவிட்டார். பின்னால் படுத்திருந்த பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். "இனிமே வேட்டை நான்தான். நீ பின்சீட்ல கால் நீட்டி உக்காந்து வந்தாப் போதும்."

அந்த அம்மாள் ஒரு கொட்டாவி விட்டாள்.

"என்ன கலர் சார்?" என்றது கொக்கு.

"கறுப்பு."

"எந்தக் கறுப்பு சார்? எரிமலைக் கறுப்பு இருக்கு, காப்பிக்கொட்டைக் கறுப்பு இருக்கு, அமாவாசைக் கறுப்பு இருக்கு."

"வெறும் கறுப்பு."

"அது நிறுத்திட்டாங்க சார்."

ராஜா உறுமினார். கொக்கு காலை மாற்றி நின்றது. "கலர்தான் சார் முதல் பக்கம். இன்னும் பக்கம் நிறைய இருக்கு. சக்கரம், சீட்டு, விளக்கு, தையல் நூல் என்ன நிறம்…"

"என்னால ஆகாது. அந்தக் கலைமணியைக் கூப்பிடு," என்றார் ராஜா.

கலைமணி ஒரு புள்ளிமான். ராஜா தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் தானாக எழுந்து ஒரு மானைத் துரத்தியிருக்கிறார். அது இவன். பிடிபடவில்லை. அதனால் வேகம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியிருந்தான்.

வந்து நின்றான். வீட்டில் அவன் பெண்டாட்டி செவ்வந்தி குட்டி போட்டிருந்தாள். குட்டிக்கு இன்னும் கால் சரியாக ஊன்றவில்லை. எழுந்தால் விழும்.

"எல்லா ஆப்ஷனும் நீயே பாத்துப் போட்டுடு," என்றார் ராஜா. "வேகத்துக்கு எதெது வேணுமோ எல்லாம் வரணும். ஒழுங்காப் போட்டா உன்னை விட்டுடறேன்."

"என் கூட்டம், ராஜா?"

"கூட்டத்தைப் பிடிக்கத்தானேடா வண்டியே."

"ஒழுங்காப் போடலைன்னா?"

"முதல் சாப்பாடு நீ."

இதைச் சொல்லிவிட்டு ராஜா, மாதிரி காட்டுவதற்காகக் கொக்கு கொண்டுவந்திருந்த மசாஜ் சீட்டில் சாய்ந்தார். சீட்டு முதுகைப் பிசைந்தது. ராஜாவின் கண் சொருகியது.

கலைமணி டேப்லெட்டைப் பார்த்தான். குட்டியின் கால்கள் கண்ணுக்குள் வந்து நின்றன. ஒரு யோசனை தோன்றியது. வண்டியில் பாரத்தை ஏற்று. ஏற்ற ஏற்ற வேகம் குறையும்.

"இந்தக் கண்ணாடிக் கூரை போடுங்க. ஃப்ரிட்ஜ் போடுங்க. கதவு மெத்துனு சத்தமில்லாம மூடுமாமே, அதையும் போடுங்க. கண்ணாடி ரெண்டு அடுக்கு. ஸ்பீக்கர் எத்தனை உண்டோ அத்தனையும்."

"தம்பிக்கு ரசனை," என்றது கொக்கு. "ராஜா சார், சம்மதமா?"

"ம்…" என்றார் ராஜா, தூக்கத்தில்.

"குரல் சம்மதம் பதிவாயிடுச்சு."

"ஸ்டியரிங் சூடாகும்னு போட்டிருக்கே, அது என்னத்துக்கு? இங்க அடிக்கிற வெயிலுக்கா?"

"அது ஃப்ரிட்ஜோட சேர்ந்த பேக்கேஜ் தம்பி. சூடு வேண்டாம்னா ஸ்டியரிங்கே வராது."

"சரி, போடுங்க. எனக்கு பாரம்தானே வேணும்." நாக்கைக் கடித்துக்கொண்டான். "இப்ப வேகம் எவ்வளவு?"

"நாலு விநாடி."

"இவ்வளவு ஏத்தியுமா?"

"யானையையே ஏத்தினாலும் நாலு விநாடிதான் தம்பி. அதுக்குத்தானே அந்த விலை."

அடுத்து, கலைமணி பெரிய சத்தம் போடும் புகைக்குழாயைப் போட்டான். வண்டி கிளம்பினால் கூட்டத்துக்காவது தெரியட்டும். தெரிந்து என்ன? ஓடத் தெரிந்தது ஓடும். அந்தக் குட்டி?

கொக்கு ஒரு பக்கத்தைத் தொடாமலே தள்ளிவிட்டது.

"அதென்ன, தாண்டிட்டீங்க?"

"அது வேண்டாம் தம்பி. பாதுகாப்பு பேக்கேஜ். முன்னாடி ஏதாவது ஜீவன் வந்தா கேமரா பாத்துடும், வண்டி தானா பிரேக் போட்டுடும். நம்ம பக்கத்துல இதைப் போட்டா வண்டி வாசலை விட்டே நகராது. யாரும் எடுக்கறதில்லை."

"எந்த ஜீவன் வந்தாலுமா?"

"எலி, ஓணான் எல்லாம் கணக்கில்லை. முயல் சைஸுக்கு மேல எது வந்தாலும்."

"மான்?"

கொக்கு அவனை மேலும் கீழும் பார்த்தது. பிறகு திரையைப் பெரிதாக்கிக் காட்டியது. வண்டி. அதற்கு முன்னால் சிவப்பு முக்கோணத்துக்குள் ஒரு மான்.

"இதை அணைச்சு வைக்க முடியுமா?"

"முடியாது. அதுதான் இதுல விசேஷம்." கொக்கு குரலைத் தாழ்த்தியது. "எனக்கும் இதுலதான் கமிஷன் அதிகம்."

"போடுங்க."

"ராஜா சார், பாதுகாப்பு பேக்கேஜ்?"

"ம்…"

கலைமணி மூச்சு விட்டான். விட்ட மூச்சு பாதியில் நின்றது. ராஜாவின் பெண்டாட்டி தூங்கவில்லை. படுத்த இடத்திலிருந்தே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

செத்தேன் என்று நினைத்தான்.

அவள் அவனிடம் பேசவில்லை. கொக்கிடம், "ஏம்ப்பா, பின்கதவு உள்ளேருந்து திறக்குமா?" என்றாள்.

"தாராளமாத் திறக்கும் மேடம். வேண்டாம்னா சைல்டு லாக் இருக்கு. போட்டுட்டா பின்கதவு உள்ளேருந்து திறக்காது. அது இலவசம். போடட்டுமா தம்பி?"

கலைமணிக்கு அங்கிருந்து போனால் போதும் என்றிருந்தது. அதுவும் இலவசமாகத் தருகிற பொருளில் என்ன இருந்துவிடப் போகிறது? "ராஜா வீட்டுக் குட்டிங்கதான் வளர்ந்து தனியாப் போயிடுச்சே. வேண்டாம், விடுங்க," என்றான்.

"விடு," என்று அவளும் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

வண்டி வருவதற்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. அமாவாசைக் கறுப்பு கையிருப்பில் இல்லையாம். கப்பலில் வந்ததாம்.

வந்தது. கரடி வந்து பூசணிக்காய் சுற்றி உடைத்தது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். கொக்கு சீட்டின் பிளாஸ்டிக் கவரை அலகால் கிழிக்கப் போனது.

"அதுல வாய் வச்சே, உன் கழுத்துல நான் வாய் வைப்பேன்," என்றார் ராஜா. "புதுசு புதுசாவே இருக்கட்டும்."

ஆக மசாஜ் எல்லாம் கவருக்குத்தான் நடந்தது.

ராஜா ஸ்டியரிங்கைப் பிடித்தார். பெண்டாட்டி பின்சீட்டில் ஏறினாள். வண்டி முழங்கியது. காடு அதிர்ந்தது. புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் நாலாபக்கமும் சிதறியது. மழைக்காலம் போயும் கால் தேறாத குட்டியும் ஓடிப் பார்த்தது. வெட்டவெளியில் கால் மடங்கி விழுந்தது.

"ஐயோ, பிள்ளை!" என்று செவ்வந்தி கத்தினாள்.

கலைமணி திரும்பி ஓடினான். குட்டிக்கு முன்னால் போய் நின்றான். வண்டி வருகிறது. கொக்கு சொன்னது பொய்யாக இருந்தால்? விற்கிறவன் வாய்க்கு என்ன உத்தரவாதம்? கண்ணை மூடிக்கொண்டான்.

பெரிய கிறீச்சல். பிறகு ஒன்றுமில்லை. மூக்கில் சூடாகக் காற்று வந்து பட்டது. கண்ணைத் திறந்தால், மூக்குக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் இலை நுழையும் இடம்தான் இருந்தது. உள்ளே ராஜாவின் மூக்கு ஸ்டியரிங்கில் பதிந்திருந்தது. ஸ்டியரிங் சூடாக இருந்தது.

"கவனம். முன்னால் ஓர் உயிர் உள்ளது," என்றது வண்டி, இனிமையான பெண் குரலில்.

ராஜா வாயைத் திறந்து என்னவோ கர்ஜித்தார். இரண்டு அடுக்குக் கண்ணாடி. வெளியே ஒன்றும் கேட்கவில்லை.

இறங்கி ஒரே அடியில் அடித்துப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். இவ்வளவு செலவழித்து வண்டி வாங்கியவர் இறங்கி நடப்பாரா? புலி பார்த்தால் என்ன நினைக்கும்?

பின்பக்கமாகவே வந்து இடித்துப் பார்த்தார். பின்னாலும் கேமரா. கொக்கைக் கூப்பிட்டுக் கத்தினார். "அப்டேட் வரும் சார்," என்றது கொக்கு. அப்டேட் வந்தது. பெண் குரல் இன்னும் இனிமையாயிற்று.

மான்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று. ராஜா தினமும் வருவார். வண்டி தினமும் நிற்கும். நின்ற வண்டியின் நிழலில் கிழட்டு மான்கள் படுத்து அசைபோட்டன. வண்டியைச் சுற்றியே மேய்ந்தார்கள். மற்ற மிருகங்கள் அந்தப் பக்கம் வர அஞ்சியதால் புல்லும் நிறையக் கிடைத்தது. எல்லோரும் கொழுத்தார்கள். ஓட்டம் என்ற பேச்சே எடுபடவில்லை. ராஜா இளைத்துக்கொண்டே போனார். அந்த அம்மாள் இளைக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

கலைமணிதான் எல்லோரையும்விடக் கொழுத்தான். கொம்பு அரித்தால் பம்பரில் தேய்த்துக்கொள்வான். கூட்டத்தில் எந்தப் பேச்சு வந்தாலும், "நான் அன்னிக்கு அந்த ஆப்ஷனைப் போடலைன்னா…" என்று ஆரம்பிப்பான். முதலில் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பிறகு அவன் வாயைத் திறந்தாலே மேய நகர்ந்துவிட்டார்கள். குட்டிகள் மட்டும் கேட்டன. அவற்றுக்கு வேறு வேலை இல்லை.

ஒரு மத்தியானம் வண்டி வந்தது. நின்றது. "கவனம். முன்னால் ஓர் உயிர் உள்ளது," என்றது. உள்ளே ராஜா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துப் படுத்துவிட்டார். தெம்பில்லை. கலைமணி வண்டியின் முன்பக்கத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு குட்டிகளுக்குக் கதையை எடுத்தான்.

"ஏங்க, ரொம்பச் சாயாதீங்க. எனக்கு என்னமோ நல்லாப் படலை," என்றாள் செவ்வந்தி.

"அட போடி. இது அசையாது. எந்த ஜீவன்னாலும் நிக்கும். நானே பாத்துப் போட்ட ஆப்ஷன்."

"வண்டி அசையாதுங்க. உள்ளே இருக்கறவங்க?"

"அவரா? அவரு சீட்டை விட்டு எழுந்திரிச்சு எத்தனை காலமாச்சு!" குட்டிகள் பக்கம் திரும்பினான். "எங்க விட்டேன்? ஆங். அந்தக் கொக்கு ஒரு பக்கத்தைத் தள்ளுது. நான் விடலை. அதென்னன்னு கேட்டேன்…"

குட்டிகளின் காது நிமிர்ந்தது. கதை அவ்வளவு நன்றாகப் போகிறது என்று கலைமணி நினைத்தான்.

பின்கதவு திறந்தது அவனுக்குக் கேட்கவில்லை. மூடியதும் கேட்கவில்லை. மெத்தென்று, சத்தமில்லாமல் மூடும் கதவு. அதுவும் அவன் போட்டதுதான்.

குட்டிகள் சிதறின. கலைமணி திரும்பிப் பார்த்தான். அந்த அம்மாள் நடந்து வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. ஓட வேண்டிய அவசியம் இல்லை. இவன் ஓடப் பார்த்தான். கால்கள் எழுந்தன. வயிறு எழவில்லை.

"இத்தனை நாள் ஏம்மா பொறுத்தீங்க?" என்றான். கேட்பதற்கு அவனுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

"அன்னிக்கு நீ எலும்பும் தோலுமா இருந்தியே," என்றாள் அவள்.

அந்தப் பின்கதவுப் பூட்டை இலவசமாகத்தானே தருகிறேன் என்றது கொக்கு என்பது கலைமணியின் கடைசி நினைப்பு.

"பாதை தெளிவாக உள்ளது. நீங்கள் செல்லலாம்," என்றது வண்டி. முதல் தடவையாக மான் நின்ற இடத்தைத் தாண்டி நகர்ந்தது.

ராஜா கண்ணாடியை இறக்கினார். சாப்பாட்டை உள்ளே வாங்கிக்கொண்டார். முதலில் சாப்பிட்டதும் அவர்தான். சாப்பிட்டு முடித்து, ஃப்ரிட்ஜில் மிச்சத்தை வைத்துவிட்டு, கொக்கைக் கூப்பிட்டார். "வண்டின்னா இதுதான்யா வண்டி," என்றார். கம்பெனிக்கு அஞ்சு நட்சத்திரம் கொடுத்தார். புலி வந்து பொறாமையோடு பார்த்துவிட்டுப் போயிற்று.

கோளாறைச் சரிசெய்தது அந்த அப்டேட் என்றுதான் கம்பெனி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. சரிசெய்தது பின்சீட்டுக்காரி. இவ்வளவு நேரம் கதை நடந்தும் அவள் பெயரை ஒருத்தரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

அங்காயி.

நீதி: குட்டி இல்லாத வீட்டு வண்டிக்கும் சைல்டு லாக் அவசியம்.