உட்கார்ந்து எழுந்த கூரை

கூரை மறுபடியும் உட்கார்ந்துவிட்டது.

கட்டடக் கலைஞர் தலையில் கை வைத்துக்கொண்டார். புதிய நூலகத்துக்கு மடிப்பு மடிப்பாக ஒரு கூரை. வெயிலுக்கு விரியும், காற்றுக்குச் சுருங்கும். மனத்தில் பிரமாதமாக நின்றது. சாப்பாட்டு மேசைமேல்தான் நிற்க மறுத்தது. மத்தியானம் நூலகக் குழுவிடம் மாதிரியைக் காட்டியாக வேண்டும். இந்த வேலையும் கைநழுவினால், ஆயுசுக்கும் அடுத்தவர் வீட்டுக் குளியலறைகளை வரைந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

மேசையின் மறுகோடியில் மனைவி ஒரு ஸ்கர்ட்டுக்குக் காகிதத்தில் அளவுக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தையல் அவள் தொழில். பழுப்புக் காகிதச் சுருள் இருவருக்கும் பொது.

"மேல கனமா எதையாவது வெச்சுப் பாருங்களேன்."

அகராதியை வைத்தார். கூரை தரைமட்டமானது. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டார். துவண்டுபோய் இஸ்திரிப்பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டது.

"இன்னொரு தடவை என் இஸ்திரிப்பெட்டியைத் தொட்டீங்க, அப்புறம் நடக்கறதே வேற. அந்தம்மா மத்தியானத்துக்குள்ள ஸ்கர்ட் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க."

புதிய காகிதத்தில் எல்லாக் கோடுகளையும் முதலிலிருந்து வரைந்தார். கைப்பசையைக் கழுவிவிட்டு வந்து, மேசைமேல் கிடந்த கோடு போட்ட காகிதத்தை எடுத்து அவசரமாக மடித்தார். அட்டையில் ஒட்டினார். நின்றது. அது போதாதா? பெட்டியில் போட்டுக்கொண்டு ஓடினார்.

குழுவின் முன் பெட்டியைத் திறந்தபோதுதான் பார்த்தார். கூரைக்கு நடுவில் ஒரு வட்டம். சரியாக ஓர் ஆளின் இடுப்பு நுழையும் வட்டம்.

"நடுவுல என்னங்க ஓட்டை?" என்றார் நூலகர்.

"வெளிச்சத்துக்கு."

"மழை பெஞ்சா?"

"அந்த இடத்துல மீன் வளர்ப்பு புத்தகங்களை வெச்சுக்கலாம்."

நூலகர் அதையும் குறித்துக்கொண்டார். தலைவரம்மா வந்ததும் முடிவு சொல்லிவிடலாம் என்றார்.

தலைவரம்மா வந்தார். அந்தம்மாளின் இடுப்பிலிருந்து கலைஞர் வரைந்த கூரை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கோடு பிசகவில்லை. அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடங்கின. எழுந்தார், அத்தனையும் அழகாக விரிந்து நின்றன.

வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பதே கலைஞருக்கு மறந்துபோயிற்று. சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார்.

"அம்மா, நீங்க போட்டிருக்கறது..."

"நல்லாருக்குல்ல?" தலைவரம்மா ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "தப்பா நினைக்காதீங்க, நம்ம கூரையும் இப்படித்தான் இருக்கணும்னு தைச்சவங்ககிட்டயே வேலையை ஒப்படைச்சுட்டு வர்றேன். கூடமாட மடிச்சுக் கொடுக்க வீட்டுலயே ஒரு ஆள் இருக்காராம்."