அழைப்பைத் துண்டித்தது நானில்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். கம்ப்யூட்டர் மட்டும் நலமில்லை. அதை நம்பி எதையும் அனுப்ப முடியாததால்தான் தபாலில் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில், "அப்பா, அந்த வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் எங்ககூடயே வந்து இருந்திடுங்களேன்" என்று என் பெண் கேட்டாளே, அந்த நொடியில் அழைப்பைத் துண்டித்தது நானில்லை. சத்தியமாக இல்லை. மெஷின் தானாக அணைந்துபோனது. "பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லலாம்ல, மூஞ்சில அடிச்ச மாதிரி கட் பண்ணணுமா?" என்று அத்தையிடம் போனில் அழுதாளாம். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. ஓர் இரும்புப் பெட்டியால் நான் வில்லனாகிவிட்டேன், மாப்பிள்ளை.

அம்மாவும் பெண்ணும் ஊர்க்கதையெல்லாம் பேசி முடிக்கும்வரை அது நன்றாகத்தான் ஓடுகிறது. என் முறை வந்து தொண்டையைச் செருமினால் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. ரிப்பேர்க்காரர் வந்து மெமரியைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அழுத்தித் தேய்த்தார். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடாதா என்று பதறினேன். "சும்மா இருங்க சார், அழுக்குதான் போகும்" என்றார். அவர் இருக்கும்வரை சமர்த்தாக ஓடியது. அவர் தெருமுனைகூடத் திரும்பியிருக்க மாட்டார், அணைந்தது. மறுபடி வந்து பவர் சப்ளையை மாற்றினார், அதே கதை. இப்போது மதர்போர்டு என்கிறார். அதை மாற்றினால் பழைய பிராசஸர் உட்காராதாம், புது பிராசஸருக்குப் பழைய மெமரி ஒத்துவராதாம், எல்லாம் சேர்ந்தால் இந்தப் பெட்டிக்குள் அடங்காதாம். "அப்போ பழசுல என்னதான்யா மிஞ்சும்?" என்றேன். நன்றாக யோசித்துவிட்டு, "மவுஸை வெச்சுக்கலாம் சார்" என்றார். ஒரு மவுஸுக்குத் துணையாகக் கம்ப்யூட்டர் வாங்குவதா என்று எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. நீங்கள் கம்ப்யூட்டர் படித்தவர் (உங்கள் வேலை வேறு என்று எத்தனை தடவை சொன்னாலும் அத்தை நம்புவதாயில்லை). என்ன வாங்கலாமென்று எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, பழுது மெஷினில்தான், அப்பாவிடம் இல்லை என்று அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

இருவரும் நன்றாக இருங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ரிப்பேர்க்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். தூசி படக்கூடாதென்று அத்தை பழைய திரைச்சீலையை இரண்டாக மடித்து, பொத்தானுக்கு மட்டும் ஓட்டை விட்டு, அதற்கொரு சட்டை தைத்து மாட்டியிருக்கிறாள். வெளியாள் வந்தால் கழற்றி ஒளித்துவிடுவாளாம். "சூடு தாங்காம அணையுதும்மா, அது மூச்சு விட வேணாமா?" என்றார். கழற்றினோம். சாயங்காலம் அத்தை நம் பெண்ணை வீடியோவில் கூப்பிட்டு என்னை முன்னால் உட்காரவைத்தாள். மெஷின் அணையவே இல்லை. "நீங்க இல்லாம இது வீடு மாதிரியே இல்லப்பா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் வருகிறேன் என்றே சொல்லியிருப்பேன். பொத்தானை அழுத்திவிட்டேன். ஆகவே புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். மேலே எழுதியதை அவளுக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள், இதை மட்டும் கிழித்துவிடுங்கள். சட்டையை நானே மறுபடி மாட்டிவிட்டேன்.