செவ்வாய்க்கிழமைக் குடும்பத்திலிருந்து விலக்கக் கோரி

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கு,

ஆண்டவருக்குள் வணக்கம். தாங்களும் அம்மாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை, சபையில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

'சபை என்றால் குடும்பம்' என்று தாங்கள் பிரசங்கித்து, எங்களை நாலு நாலு பேராகப் பிரித்து, வாரம் ஒருவர் வீட்டில் கூடச் சொன்னீர்கள். எங்கள் நால்வரில் நர்ஸம்மா சக்கர நாற்காலியில் வருகிறவர், தரைத்தளத்தில் இருப்பது என் வீடு மட்டும்தான், ஆகவே ஆறு மாதமாக எல்லாச் செவ்வாயும் என் தலையில். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவன் நான், ஒண்டியாக வேலை செய்தே பழகினவன். வீட்டுக்காரி போன பிறகு என் வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசும், வேண்டாமென்றால் அதையும் நிறுத்திவிடலாம். இவர்களை எப்படி நிறுத்துவது ஐயா? முதல் மாதம் எல்லோரும் 'சகோதரரே' என்று மரியாதையாகத்தான் இருந்தார்கள். இப்போது தையல்காரம்மா நேரே ஃப்ரிட்ஜைத் திறந்து, "இது எந்த வாரத்துச் சாப்பாடு?" என்று கேட்டுக் குப்பையில் கொட்டுகிறார். பஸ் டிரைவர் என் சோபாவில் குறட்டை விட்டுவிட்டு, ஆமென் சொல்ல மட்டும் சரியாக எழுந்துகொள்கிறார். நர்ஸம்மா என் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்து, எல்லோர் முன்னாலும், "ரெண்டு நாளா பிரஷர் மாத்திரை போடல. யார ஏமாத்தறீங்க?" என்கிறார். அப்புறம் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று அவருக்கும் தையல்காரம்மாவுக்கும் சண்டை, மூன்று வாரம் முகங்கொடுத்துப் பேசவில்லை, "அவங்கள ஜெபிக்கச் சொல்லுங்க" என்று என் மூலமாகத்தான் தூது. குடும்பம் என்று தாங்கள் சொன்னது பலித்துவிட்டது.

போன செவ்வாய் தாங்க முடியாமல் வாசற்கதவைத் தாழ்போட்டு, கூடத்து விளக்கை அணைத்து, பாத்ரூமில் பேப்பரோடு உட்கார்ந்துகொண்டேன். ஆள் இல்லையென்று போய்விடுவார்கள் என்று நினைத்தேன். செருப்பு வெளியே கிடந்ததை மறந்துபோனேன். நான் விழுந்து கிடக்கிறேன் என்று பயந்து டிரைவர் தோளால் முட்டிக் கதவைப் பெயர்த்துவிட்டார். உள்ளே வந்து பார்த்தால் நான் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. தையல்காரம்மா அழுதுகொண்டே, "உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளே டிரைவர் புதுப் பூட்டு மாட்டி, சாவியை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். ஒரு மனுஷன் சொந்த வீட்டுல நிம்மதியா ஒளிஞ்சிக்கக்கூட முடியலன்னா என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க. அசதியா இருக்கு ஐயா. தயவுசெய்து என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வருவேன்.

தங்கள் ஊழியத்தையும் தங்கள் தொண்டையையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
கடைசி பெஞ்சுக்காரன்

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் டிரைவர் போன் செய்தார். நர்ஸம்மாவுக்குக் காலையில் நெஞ்சுவலி. மூவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ள போகலாம்" என்றது வரவேற்பில் இருந்த பெண். படிவத்தை வாங்கி, உறவுமுறை என்ற இடத்தில் 'அண்ணன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உள்ளே கட்டிலில் கிடந்தவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்து, மூச்சு வாங்க வாங்க, "உங்களவிட எனக்கு நாலு வயசு கூட. தம்பின்னு மாத்துங்க" என்றார். மாற்றிவிட்டேன். பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். இன்னொரு தாள் எடுத்து எழுதத் தெம்பில்லை, மேலே உள்ளதைத் தாங்கள் படிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது போன் செய்து விசாரித்தால், நான் அவருடைய கூடப்பிறந்த தம்பிதான் என்று சொல்லிவிடுங்கள் ஐயா.